பாய்க்கு மட்டும் பழைய அலைவரிசை

எங்கள் செஸ் கிளப்பில் ஒழுங்காக ஆடத் தெரிந்தவர்கள் ஆறு பேர். நான் ஏழாவது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் உட்காரலாம் என்று என்னை வைத்திருந்தார்கள். ஆனால் நான் இருந்த நாலு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமையில் ஒருவருக்கும் காய்ச்சல் வரவில்லை. அரசுப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் கிளப்பில் எது ப்ளக்கில் சொருகப்பட்டாலும் அதற்கு நான்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டது. ட்யூப் லைட் எரியாவிட்டால்கூட என்னைத்தான் பார்ப்பார்கள்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டின் மாடி. இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர், அதில் கதவில்லாத ஒரு வாசல். அந்தச் சுவரின் கனத்தில் ஒரு ஆள் குறுக்காகப் படுக்கலாம். கீழே ஒரு லாட்ஜ் நடந்தது. எதிரில் பிரவுசிங் சென்டர். பக்கத்து வீட்டில் வெள்ளைக்கார டூரிஸ்டுகளுக்கு அறை வாடகைக்கு விட்டார்கள்.

நான் கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். வாசலில் என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பச்சை சைக்கிள் நிற்கும். அது பாயுடையது. பெரிய மார்க்கெட் பக்கம் பட்டன், லேஸ், ஜிப், நூல்கண்டு என்று தையல் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். அறுபது வயது இருக்கும். கிளப்பில் அவரை ஜெயித்தவர்கள் கிடையாது. ஜெயித்துவிட்டு எதிராளிக்கு அவன் எந்த இடத்தில் தப்புப் பண்ணினான் என்று மெதுவாகக் காட்டுவார். காட்டும்போது ஏதோ தன்னால் வந்த தப்பு மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

செக்ரெட்டரியை எல்லோரும் மெசியே என்றே கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். நொத்தேர் ஆபீசில் பத்திரம் எழுதி ரிட்டயர் ஆனவர். வீட்டில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். அவர் ஆட மாட்டார், ஆட்டத்தை நடத்துவார். அவருடைய தங்கை மகன் பிரான்சில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தான். அந்த ஊரிலும் ஒரு செஸ் கிளப் இருந்தது. அவர்களில் ஆறு பேர், எங்களில் ஆறு பேர், இன்டர்நெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்ப்பது என்று மாமனும் மருமகனும் போனில் பேசி முடித்துவிட்டார்கள்.

முதல் வருஷம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறு லேப்டாப்பையும் வரிசையாக வைத்து, ஒரே ஒரு பழைய வைஃபை பெட்டியைப் பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கி கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக அறுந்து விழ ஆரம்பித்தார்கள். இன்டர்நெட் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. இணைப்பு போனாலும் உங்கள் கடிகாரம் நிற்காது. நீங்கள் திரும்பி வரும்வரை உங்கள் நேரம் கரைந்துகொண்டே இருக்கும். பாய் ஒரு யானை அதிகமாக வைத்திருந்தார். இன்னும் பத்து காய் நகர்த்தினால் முடிந்துவிடும் ஆட்டம். நாலு தடவை அறுந்தது. நாலாவது தடவை திரும்பி வந்தபோது திரையில் நேரம் முடிந்துவிட்டது என்று இருந்தது. அவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை படித்தார். பிறகு கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் நல்லவர்கள். இது ஆட்டமே இல்லை, திரும்ப ஆடலாம் என்றார்கள். மெசியே ஒப்புக்கொள்ளவில்லை. தோற்றது தோற்றதுதான் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் கிளப் பக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் அந்த மருமகன் லீவில் வந்தபோது ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்தான். கறுப்பாக, மூன்று கொம்போடு இருந்தது. இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும் என்றான். அதுவரை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர கண்ணால் பார்த்ததில்லை. அதன் செட்டிங்ஸ் பக்கம் முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. வேறு மொழிக்கு மாற்ற முடியவில்லை. எனவே மூன்று சாயங்காலம் நானும் மெசியேயும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் பத்திரம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படிப்பார், தமிழில் சொல்வார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. எனக்கு அவர் சொன்ன பிறகு புரியும்.

விஷயம் இதுதான். இரண்டு புள்ளி நாலு என்று ஒரு அலைவரிசை. ஊரிலுள்ள எல்லாப் பெட்டிகளும் அதில்தான் பேசிக்கொண்டிருந்தன. கீழே லாட்ஜ், எதிரில் பிரவுசிங் சென்டர், பக்கத்து வீடு, போதாததற்கு யாரோ ஒருவருடைய கார்ட்லெஸ் போன். ஐந்து என்று இன்னொன்று. அதில் அந்தத் தெருவிலேயே ஒருவரும் கிடையாது. காலியாகக் கிடந்தது. ஆனால் ஐந்துக்குச் சுவரைக் கண்டால் ஆகாது. கொஞ்ச தூரத்திலேயே இளைத்துவிடும்.

ஆறு லேப்டாப்பையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஐந்து லேப்டாப்புக்கு அந்தப் புது அலைவரிசை தெரிந்தது. பாயின் லேப்டாப்புக்குத் தெரியவில்லை. அது பழசு. அவர் மகன் பெங்களூரில் வேலைக்குப் போகும்போது விட்டுப் போனது. அதற்கு இரண்டு புள்ளி நாலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கிடையாது. கேபிள் போட்டுவிடலாம் என்றால் அதைச் சொருகும் ஓட்டை போன மழையில் இடி விழுந்தபோது எரிந்துபோயிருந்தது. என் லேப்டாப்பைத் தருகிறேன் என்றேன். ஒரு நாள் அதில் ஆடிப் பார்த்தார். குதிரையைத் தூக்கினால் பக்கத்து சிப்பாய் வந்தது. வேண்டாம் டீச்சரம்மா, கை பழகிப்போச்சு என்று திருப்பித் தந்துவிட்டார்.

அப்போது எனக்கு வேலை என்ன என்று தெளிவாகிவிட்டது. போக முடிகிற ஐந்து பேரையும் ஐந்துக்கு அனுப்ப வேண்டும். போக முடியாத ஒருவருக்குப் பழையதை விட்டுத்தர வேண்டும்.

சொல்வதற்கு எளிது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்தேன். லேப்டாப்புகள் தாங்களாகவே நல்லதைத் தேர்ந்தெடுக்கும் என்று நினைத்தேன். ஐந்தும் போய்ப் பழையதில் ஒட்டிக்கொண்டன. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் எது பலமாகக் கேட்கிறது என்பதுதான். எது நெரிசல் என்று பார்க்கத் தெரியாது. பிறகு இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன். காலையில் புதுப் பெயரில் ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் பழைய பெயருக்கே இறங்கியிருக்கும். வீட்டு நினைப்பு வந்த ஹாஸ்டல் பிள்ளைகள் மாதிரி.

லேப்டாப்பை விடக் கஷ்டம் அதன் சொந்தக்காரர்கள். மற்ற நாலு பேரிடம் சொன்னதும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது பலகையில் ஆடுகிற பேங்க் ஆபீசர் மட்டும் கேட்கவில்லை. முதலியார்பேட்டைக்காரர். எதையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பழையதில் அவருக்கு அஞ்சு சிக்னல் கோடும் நிறைந்து வந்தது. புதியதில் இரண்டு கோடு. திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"அஞ்சு கோட்ட வுட்டுட்டு ரெண்டு கோட்டுக்கு யாராச்சும் போவாங்களா டீச்சர்?"

கோடு குறைந்தால் தப்பில்லை சார், அங்கே கூட்டம் இல்லை என்றேன். சண்டே மார்க்கெட் தெருவில் வண்டி ஓட்டுவதற்கும் சாயங்காலம் வண்டி விடாத பீச் ரோட்டில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் சரி, ஆனா ரெண்டு கோடுதானே இருக்கு என்றார்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். பெட்டியைப் பீரோவிலிருந்து இறக்கி, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த வாசலில், பழைய தூளிக் கொக்கியில் நைலான் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். அவருடைய மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். மூன்று கோடு வந்தது. மூன்றுக்கு ஒப்புக்கொண்டார், முகத்தில் திருப்தியில்லாமல். பழைய அலைவரிசையின் பாஸ்வேர்டை மாற்றினேன். புதியதை ஒரு சின்னத் தாளில் எழுதி, பாயின் சட்டைப் பையில் வைத்தேன். இது உங்களுக்கு மட்டும் பாய் என்று சொன்னேன். தலையாட்டினார்.

ஆட்ட நாளில் மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் எல்லோரும் வந்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்குக் காலை பத்தரை. பாய் ஜும்மாவுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மெசியே கோட்டு போட்டிருந்தார், அந்த வெயிலில். இரண்டு பக்கத்துக்கும் நடுவர் அவர்தான் என்று பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குப் பெரிய கௌரவம். ஆட்டம் தொடங்கின பிறகு ஆடுகிறவர்களோடு யார் பேசினாலும், அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும், அந்தப் பலகை தோற்றதாக எழுதிவிடுவேன் என்று அறிவித்தார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

நான் மூலையில் என் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அது சுவரோரம் கேபிளில் இருந்தது. திரையில் பெட்டியின் பிரெஞ்சுப் பக்கம். யார் யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று அதில் ஒரு பட்டியல் வரும். மேலே ஐந்து பெயர், கீழே பாய் ஒருவர். முதல் இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தது. மின்விசிறிச் சத்தமும் மவுஸ் சத்தமும் மட்டும்தான் கேட்டன. ஒருவரும் அறுந்து விழவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம், பால் பொங்குகிற மாதிரி. ஏழாவது ஆளாக இருப்பது ஒன்றும் மோசமில்லை என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் பாயின் கை மவுஸ் மேல் அப்படியே நிற்பதைப் பார்த்தேன். யோசிக்கும்போது அவர் கையை மடியில் வைத்துக்கொள்வார். மவுஸ் மேல் கை நின்றால் நகர்த்தியாகிவிட்டது, நகரவில்லை என்று அர்த்தம். அவர் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி சுற்றியது.

என் பட்டியலைப் பார்த்தேன். மேலே நாலு. கீழே இரண்டு. பாய்க்குப் பக்கத்தில் பேங்க் ஆபீசர்.

அவர் மேஜையைப் பார்த்தேன். திரையின் மூலையில் அஞ்சு கோடும் நிறைந்திருந்தது. எப்படிப் போனார், பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது, ஒன்றும் தெரியவில்லை. ஏதோ பெரிய பக்கத்தை வேறு திறந்து வைத்திருந்தாரோ என்னவோ, அவர் வந்து சேர்ந்ததில் பாய்க்கு மூச்சுவிட இடமில்லாமல் போய்விட்டது. போன வருஷம் மாதிரியே. பாயின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

மெசியேயிடம் எழுந்து போய் ஒரு தாளில் விஷயத்தை எழுதிக் காட்டினேன். படித்தார். பேங்க் ஆபீசரைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். யார் போய்ச் சொன்னாலும் அந்தப் பலகை தோற்றதுதான். சட்டம் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிற மனிதர் அவர். தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சுப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பட்டன் இருந்தது. தடுத்துவிடு என்று அதற்கு அர்த்தம், மெசியேதான் சொல்லித்தந்திருந்தார். அதை அழுத்தினால் பேங்க் ஆபீசரின் லேப்டாப்பைப் பழைய அலைவரிசை வெளியே தள்ளிவிடும். திரும்பத் தட்டினாலும் திறக்காது. லேப்டாப் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, தனக்குத் தெரிந்த இன்னொரு பெயரைத் தேடி ஐந்துக்குப் போய்ச் சேரும். போய்ச் சேர வேண்டும். எத்தனை நேரத்தில் போகும் என்று எனக்குத் தெரியாது. போகாமல் அப்படியே நின்றுவிட்டால்? அவருடைய கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு ஒன்பது நிமிஷம்தான் பாக்கி. அவரும் எங்கள் ஆள்தான். எங்கள் ஆள் ஒருவரைக் காப்பாற்ற எங்கள் ஆள் இன்னொருவரைக் குழியில் தள்ளுவதா?

அழுத்திவிட்டேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டியலில் கீழே பாய் ஒருவர் மட்டும் ஆனார். பாயின் வட்டம் நின்றது, காய் நகர்ந்தது, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலே இன்னும் நாலுதான். பேங்க் ஆபீசர் மவுஸைத் தட்டினார். திரையைத் தட்டினார். அறையைச் சுற்றிப் பார்த்தார், என்னையும் பார்த்தார். குனிந்துகொண்டேன். பத்தொன்பது விநாடி ஆயிற்று. மேலே ஐந்தாவது பெயர் வந்தது.

அவர் உடனே நகர்த்தவில்லை. இணைப்பு வந்த பிறகும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோபத்தில் ஆட்டத்தையே விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். பட்டியலிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு கோளாறும் இல்லை. ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. நாலாவது பலகையில் ஜெயித்தோம். ஐந்தில் தோற்றோம். மூன்றும் ஆறும் டிரா. பேங்க் ஆபீசர் கடைசி நிமிஷத்தில் எதிராளியை மடக்கி ஜெயித்துவிட்டு எழுந்தார். மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். மிச்சம் பாயின் ஆட்டம் மட்டும்தான். எல்லோரும் அவர் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் நின்றார்கள்.

எனக்கு ஆட்டத்தில் மனம் போகவில்லை. சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. மெசியே சொல்ல மாட்டார், அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பேங்க் ஆபீசர் ஜெயித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார். அந்த பிஸ்கட்டை வாங்க என்னால் முடியவில்லை. மாடிப்படிக்கு வரச் சொல்லி ஜாடை காட்டினேன். வந்தார்.

"சார், நடுவுல ஒங்க நெட்டு போச்சில்ல, அத்த நான்தான் கட் பண்ணேன்."

எவ்வளவு நேரம் என்று மட்டும் அவர் கேட்டார். பத்தொன்பது விநாடி என்றேன். பேங்கில் கணக்கு உதைக்கும்போது பார்க்கிற மாதிரி மேலே உத்தரத்தைப் பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் மந்திரிய நவுத்தலாம்னு கைய வெச்சிட்டேன் டீச்சர். நெட்டு போச்சி. ஒண்ணும் பண்ண முடியாம சும்மா பலகையவே பாத்துகினு இருந்தேன். அப்பதான் அவங்க குதிர என் ராணிக்குக் குறி வெச்சிகினு நிக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சிது. நவுத்தியிருந்தா ராணி காலி."

அதனால்தான் அந்த இரண்டு நிமிஷம். ராணியை எப்படி வெளியே எடுப்பது என்று யோசித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பாயிடம் கேட்டாராம். பாய் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். முதலில் மூன்று கோட்டிலேயே இருந்திருக்கிறார். நடுவில் அது இரண்டானதும் மனம் கேட்கவில்லை. பாய்க்கு இதனால் தடங்கல் வரும் என்று நான் ஒரு தடவைகூட அவரிடம் சொல்லவில்லை என்றார். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். கூட்டம், தெரு, பீச் ரோடு என்று என்னவெல்லாமோ சொன்னேன். நீங்கள் நகர்ந்தால் பாய்க்கு இடம் கிடைக்கும் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு கோடு வந்தாலும் போயிருப்பேனே என்றார் அவர். போயிருப்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

நாங்கள் உள்ளே போனபோது பாய் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். திரையில் அவருடைய ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு நின்றது. தோற்றுவிட்டார். மூன்றுக்கு மூன்று. நான் பாயின் முகத்தைப் பார்க்கத் தயங்கிப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"போன தடவ என்னிய டப்பா தோக்கடிச்சிச்சி. இந்தத் தடவ ஆளு தோக்கடிச்சிருக்கான். என்னா ஆட்டம் ஆடறான் டீச்சரம்மா."

அவரிடமும் பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்டேன். கேட்டாரு, குடுத்துட்டேன், நம்ம ஆளுதானே என்றார்.

மெசியே கோட்டைச் சரிசெய்துகொண்டு பிரான்சுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். பாய் மெசியேயின் சட்டைக் கையைத் தொட்டு, தன்னோடு ஆடினவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். இருபத்து நாலாவது நகர்த்தலில் யானையைத் தூக்கி நடுவில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். மெசியே பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

பாய் மெசியேயைப் பார்த்தார். மெசியே விசாரித்துச் சொன்னார். பத்தொன்பது வயது, நர்ஸுக்குப் படிக்கிறாள். நிதானமாக ஆடின ஆட்டத்தைப் பார்த்து, தன் வயதுக்காரர் ஒருவர் கையில் பைப்போடு உட்கார்ந்திருக்கிறார் என்றே பாய் மூன்று மணி நேரமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மரப் பலகையை எடுத்துக் காயை அடுக்கச் சொன்னார்.

அரை மணி நேரம் அந்த ஆட்டத்தை இரண்டு பக்கமும் திரும்ப ஆடினார்கள். கட்டங்களின் எண்ணைப் பாய் தானே பிரெஞ்சில் சொன்னார், கடைக்கு வரும், பிரெஞ்சு பேசும் பழைய வீட்டு அம்மாக்களிடம் பட்டன் எண்ணிக் கொடுத்துப் பழகினதாம். காய்களின் பெயருக்குத்தான் மெசியே தேவைப்பட்டார். அவள் "ஃபூ" என்று ஒரு காயைச் சொன்னபோது அது எது என்று பாய் கேட்டார். மந்திரி என்றார் மெசியே. ஆனால் அந்தச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் பைத்தியக்காரன் என்று அர்த்தம் என்றும் சொன்னார். பாய் பலகையிலிருந்த மந்திரியைக் கையில் எடுத்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, தப்பா ஒண்ணும் சொல்லலையே என்றார். மெசியே அதை மொழிபெயர்த்தார். பிரான்சில் ஒரு அறை நிறையச் சிரித்தார்கள்.

யானையை நடுவில் வைத்திருந்தாலும் பாய் தோற்றிருப்பார் என்று தெரிந்தது. இன்னும் நாலு நகர்த்தல் தள்ளி. அவள் அதை ஒவ்வொரு படியாகக் காட்டினாள். குரலில் ஒரு தயக்கம் இருந்தது, ஏதோ அவளுடைய தப்பு மாதிரி. போனை வைப்பதற்கு முன்னால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைக்கு நேரம் இருக்குமா கேளுங்கள் மெசியே என்றார் பாய். இருக்கும் என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் இரண்டு பேரும் ஆடினார்கள். நான் போய்ப் பெட்டியைப் பார்த்துக்கொள்வேன். பேங்க் ஆபீசரும் வருவார். வந்ததும் பாய் எதிரிலேயே தன் லேப்டாப்பை என்னிடம் நீட்டி, எதில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். முதல் ஆறு வாரமும் பாய் தோற்றார்.

ஏழாவது ஞாயிறு என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், நான் போகவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குப் போனபோது கேட் பக்கத்தில் பாய் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கடை திறக்கிற நேரம் அது. ஏதாவது கெட்ட செய்தியோ என்று ஸ்கூட்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன்.

"டிரா டீச்சரம்மா," என்றார்.

பிரேயருக்கு மணி அடித்தார்கள். அவர் முதல் நகர்த்தலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சைக்கிள் சீட்டின் மேல் விரலால் கட்டம் போட்டு, இங்கே அவள் குதிரை, இங்கே என் சிப்பாய் என்று காட்டிக்கொண்டே போனார். பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஹெட்மாஸ்டர் மாடியிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாய் பதினெட்டாவது நகர்த்தலில்தான் இருந்தார். நான் பையைத் தரையில் வைத்துவிட்டு, அப்புறம் என்ன பண்ணினாள் என்று கேட்டேன்.